பவுன்ராஜ் உதிர்த்த கட்டங்கள்

எழுத்துருவுக்காகப் பெண்டாட்டியோடு சண்டை போட்ட மறுநாள் காலையில், சிவகாசியில் எங்கள் தெருவில் டிடிபி கடை வைத்திருந்த பவுன்ராஜ் அண்ணாச்சி வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சீனி குறைத்து ஒரு காபி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டார், ஒரு சொல்லும் வெளியே வராமல் கறுப்புக் கட்டங்கள் வந்து மடியில் உதிர்ந்தன. கட்டம் என்றால் நாலு பக்கமும் கோடு, நடுவில் ஒன்றுமில்லை. நம்மிடம் இல்லாத எழுத்துருவில் யாரோ அடித்த கோப்பைத் திறந்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக உட்கார்ந்து நம்மை முழித்துப் பார்க்குமே, அதே கட்டம்தான். கட்டைவிரல் நகத்தின் அகலம் இருந்தது, அப்பளத்தைவிட லேசாக இருந்தது, விழும்போது சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் மனைவி மாரீஸ்வரி மதினி மடியில் கிடந்ததை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போனார், காபி கொண்டுவந்து வைத்தார். அதில் சீனி குறைவாகத்தான் இருந்தது, ஆனால் தினமும் வருகிற காபிதானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தெரு ஆச்சரியப்பட நேரமில்லாத தெரு. அது ஆனி மாதம், அடுத்த வருடக் காலண்டருக்கு ஆடிப் பதினெட்டில் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும், அதற்குள் இந்த மனிதர் வாயிலிருந்து கட்டம் வருகிறது என்று கூடி நின்று பார்க்க யாருக்கு முடியும்? சித்த வைத்தியர் சூடு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார், அதைக் குடித்துவிட்டு அண்ணாச்சி கசப்பு தாங்காமல் திட்டியதில் கொஞ்சம் பெரிய கட்டங்கள் வந்தன. டீக்கடையில் அவர் உட்காரும் பெஞ்சுக்குக் கீழே ஒரு முறத்தை வைத்தார்கள். குப்பை வாங்க வரும் நகராட்சிப் பெண் மட்டும், இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று தெளிவாகச் சொன்னால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்று நின்றுகொண்டார். அதற்குப் பதில் யாருக்கும் தெரியாததால் கட்டங்கள் கடை வாசலில் ஒரு சாக்கில் சேர்ந்துகொண்டே போயின.

சண்டை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், அதற்கு எங்கள் தெருவின் குணத்தைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் கட்சிக்கும் கோயில் மரியாதைக்கும் சண்டை போடுவார்கள், நாங்கள் எதில் தட்டச்சு செய்வது என்பதற்குப் போடுவோம். ஜாதகம் கணிக்கும் குருசாமி எதை எழுதினாலும் கணக்குப் போடும் மென்பொருளில்தான் எழுதுவார், மகளுக்கு ஆசீர்வாதம் எழுதினாலும் கட்டத்துக்கு ஒரு சொல்லாக வைத்து எழுதுவார். பட்டாசு லேபிளுக்குப் பெயர் யோசித்துக் கொடுக்கும் தமிழாசிரியருக்குத் திரை முழுக்கக் கறுப்பாகவும் எழுத்து பச்சையாகவும் இருந்தால்தான் யோசனையே ஓடும், வெள்ளைத் திரையைக் கண்டால் வினாத்தாளைக் கண்ட மாணவன்போல விழிப்பார். இவர்களிடம் போய் இதைவிட அது வசதி என்று சொன்னால் அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடும்.

அண்ணாச்சிக்கு உயிர் செண்பகம். அது ஒரு பழைய எழுத்துரு, அதோடு சேர்ந்து குறுந்தகட்டில் வந்த பக்கம் கட்டும் மென்பொருளும் அவருக்கு உயிர். திரையின் மேலேயும் பக்கத்திலும் அடிக்கோல் தெரிய வேண்டும், தாளின் ஓரம் தெரிய வேண்டும், ஓரம் தெரியாவிட்டால் அவருக்கு ஒரு வரி ஓடாது, கரை தெரியாத கண்மாயில் இறங்க மாட்டேன் என்பார். மதினிக்கோ திரையில் எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. அடிக்கோல், பொத்தான், பட்டை எல்லாம் எழுதுகிறவளின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற ஆட்கள் மாதிரி என்பார், தாளைப் பற்றியெல்லாம் கடைசியில் நினைத்துக்கொண்டால் போதும் என்பார். வெகுகாலம் அண்ணாச்சிக்குப் பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மகள் சிந்துஜா கல்லூரியிலிருந்து கொண்டுவந்த புது முறையைக் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செண்பகத்தில் 'கே' என்று அடிக்கக் கொம்பை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்ட வேண்டும், புது முறையில் எழுத்தைத் தட்டிவிட்டுக் கொம்பைத் தட்ட வேண்டும். தாளில் கொம்பு முன்னால்தானே நிற்கிறது என்று அண்ணாச்சி கேட்பார். வாயில் எழுத்துதானே முன்னால் வருகிறது என்று மதினி கேட்பார். இதை வைத்தே அவர்கள் பல மதியங்களைச் சந்தோஷமாகக் கழித்திருக்கிறார்கள், நாங்களும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

சந்தோஷம் கெட்டது சிந்துஜாவுக்கு அருப்புக்கோட்டையில் சம்பந்தம் பேசி முடிந்த அன்றைக்கு. ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பாதியைச் செண்பகத்தில் கட்டிக் கொடுத்தவன் என் மகள் பத்திரிகையை வேறு எதில் கட்டுவது என்றார் அண்ணாச்சி. போனில் அனுப்பினால் அது வெறும் கட்டமாகத்தான் போய்ச் சேரும், நம் சொந்தபந்தம் எப்படிப் படிக்கும் என்றார் மதினி. பேச்சு தடித்தது. கடைசியில் அண்ணாச்சி, உனக்கும் எனக்கும் இனிமேல் ஒரே பக்கத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். மதினி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசையில் காலியாகக் கிடந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார். சமையலும் சாப்பாடும் தூக்கமும் மாடியில் பழையபடி ஒரே வீட்டில்தான், வேலை மட்டும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மறுநாள் காலையில்தான் கட்டம் விழ ஆரம்பித்தது.

அந்தக் கட்டத்துக்குள் விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் காலண்டர் அச்சகம் வைத்திருந்த காஜா மைதீன். அவர் ஒரு வேலையாகக் கடைக்கு வந்தபோது அண்ணாச்சி நாலு கட்டம் உதிர்த்தார், காஜா மைதீன் சாவதானமாக, நாளைக்குத் தந்தாப் போதும் அண்ணாச்சி, அவசரமில்லை என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்குச் சலசலப்போடு சொல்லும் சேர்ந்து கேட்டிருக்கிறது. பிறகு ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்ததில் விவரம் தெரிந்தது: யார் கம்ப்யூட்டரில் செண்பகம் ஏற்றியிருக்கிறதோ அவர் காதுக்கு அண்ணாச்சி பேசுவது விளங்கும், இல்லாதவருக்கு வெறும் கட்டம். தெருவில் செண்பகத்தை வைத்திருந்தது காஜா மைதீன் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ புதுசுக்கு மாறியிருந்தார்கள். அந்தக் குறுந்தகடும் கீறல் விழுந்து போயிருந்ததால் புதிதாக யாரும் ஏற்றிக்கொள்ள வழியில்லை. மதினியைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லை. அவர் முகம் அண்ணாச்சி பேசும்போது துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி ஒன்றுமில்லாமல் இருந்தது.

காஜா மைதீனுக்குக் கண் வியாபாரக் கண். மாதக் காலண்டருக்குத் தேதிக் கட்டம் வேண்டுமே, கைக்கு எட்டின தூரத்தில் ஒரு மனிதர் நாள் முழுக்கக் கட்டமாக உதிர்க்கிறாரே என்று, சாக்கோடு கட்டங்களை வாங்கிப் போய் ஒட்டிப் பார்த்தார். அச்சடித்த கோட்டைவிட அழுத்தமாகவும் அழகாகவும் இருந்தது. ஆடிப் பதினெட்டில் ஆல்பம் வெளிவந்தபோது வெளியூர் ஏஜெண்டுகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் மளிகைக் கடையிலும் பல் ஆஸ்பத்திரியிலும் தொங்கிய காலண்டர்களில் தேதிகளெல்லாம் பவுன்ராஜ் அண்ணாச்சியின் பேச்சுக்குள்தான் குடியிருந்தன, அமாவாசை அவர் சட்னியைப் பற்றிச் சொன்ன குறையிலும் தீபாவளி அவர் யாரையோ திட்டிய திட்டிலும் வந்து விழுந்திருக்கலாம், யார் கண்டது.

வியாபாரத்துக்கும் குறைவில்லை. வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் செண்பகத்தில் அடித்துத் தாளில் எடுத்துக் கொடுத்தார், தாளில் வந்துவிட்டால் எல்லாருக்கும் படிக்க முடிந்தது. ஆக ஊருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் அவருக்கு மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு விஷயத்தில். ஆவணியில் சிந்துஜாவுக்கு நிச்சயதாம்பூலம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா சபையில் எழுந்து, என் பெண்ணை உங்கள் வீட்டுக்குத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தாளில் எழுதிக் காட்டட்டுமா என்று சிந்துஜா போனில் கேட்டதற்கு, மாப்பிள்ளையின் தாய்மாமன் சௌந்தரபாண்டி, எழுதிக் கொடுத்து வாங்க இதென்ன வீட்டுமனையா என்று கேட்டுவிட்டார். பெண்ணின் அம்மா சொல்லலாமே என்றதற்கு, அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதற்கு என்றார். உள்ளபடியே அண்ணாச்சிக்கும் அதுதான் ஆசை. ஒற்றை மகள், அவளைத் தன் வாயால் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்று இருந்தார். காஜா மைதீன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொல்லுவது என்று முடிவானது, சௌந்தரபாண்டியும் சரி என்றார்.

இதற்கு நடுவில் மாடியில் மதியச் சாப்பாடு தினமும் நடந்துகொண்டிருந்தது. மதினி தெருவைத் தாண்டி வந்து சோறு போடுவார், அண்ணாச்சி சாப்பிடுவார், சாப்பிட்டபடியே பேசுவார். இவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற தைரியம் மனிதனை என்னவெல்லாம் பேச வைக்கும் என்று பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் எல்லாம் வசவு. உன் வெள்ளைத் திரையும் நீயும் என்றார், கொம்பைப் பின்னால் போடுகிற குடும்பம் விளங்குமா என்றார், ரசத்தில் புளி தூக்கல் என்றார். மதினி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, இலையோரம் விழுந்த கட்டங்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டு வைப்பார். மறுநாள் ரசத்தில் புளி சரியாக இருக்கும், பருவத்துக்குப் பருவம் புளி மாறுமல்லவா என்று அண்ணாச்சி நினைத்துக்கொள்வார்.

திட்டித் தீர்ந்த பிறகும் வாய் நிற்கவில்லை. எதிரே ஒருத்தி கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தால் மனதின் அடியில் கிடப்பதெல்லாம் மேலே வந்துவிடும்போல. நம் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரை என் பெயரைவிட ஒரு நூல் பெரிதாக வைத்துக் கட்டினேன், இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது என்று ஒருநாள் சொன்னார். நீ கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகும்போது மாற்றுச் சாவி போட்டுத் திறந்து உன் முறையில் அடித்துப் பழகிப் பார்த்தேன், விரல் வரவில்லை, வெட்கமாக இருந்தது என்று இன்னொரு நாள் சொன்னார். பிறகொரு நாள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நீ எனக்கு வழி தெரியாத ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது, அந்தப் பயத்தில்தான் கத்தினேன் மாரி என்றார். அன்றைக்கு மதினி இலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். வெங்காயம் நறுக்காத நாளில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று சிந்துஜா கேட்டதற்குத் தூசி என்றார்.

ஆவணி வந்தது, நிச்சயதாம்பூலமும் வந்தது. மண்டபத்தின் சின்ன ஹாலில் தட்டுத் தட்டாகப் பழமும் பூவும் தேங்காயும் அடுக்கி, ஜமுக்காளம் விரித்து, இரண்டு பக்கத்துச் சனமும் உட்கார்ந்தாயிற்று. காஜா மைதீன் புதுச் சட்டையில் வந்து அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். காஜா மைதீன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அண்ணாச்சி சொன்னார். காஜா மைதீன் முகம் வெளுத்துப்போயிற்று.

"அண்ணாச்சி, எனக்கும் கட்டமாத்தான் விழுது. ஒண்ணும் கேக்கலயே."

விஷயம் இதுதான். துபாயிலிருந்து லீவில் வந்த அவர் மருமகன், மாமாவின் கம்ப்யூட்டர் நத்தையாட்டம் ஓடுகிறதே என்று இரக்கப்பட்டு, முந்தின நாள்தான் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார். எந்திரம் இப்போது பறக்கிறது, செண்பகம் போன இடம் தெரியவில்லை. நல்லது செய்ய வந்தவரை என்ன சொல்வது? காஜா மைதீன் அந்த மண்டபத்தில் குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், சௌந்தரபாண்டி தொண்டையைச் செருமினார். அண்ணாச்சி மகளைப் பார்த்தார். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த சிந்துஜா, சொல்லுங்க அப்பா என்கிற மாதிரி தலையை அசைத்தாள். யாருக்கு விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன, சொல்ல வேண்டியது என் கடமை என்று அவர் எழுந்து, சபையைக் கும்பிட்டுப் பேச ஆரம்பித்தார். கட்டங்கள் ஜமுக்காளத்தில் விழுந்தன, வெற்றிலைத் தட்டில் விழுந்தன, ஒன்றிரண்டு மாப்பிள்ளை சரண் மடியில் போய் விழுந்தன. நீளமாகவே பேசினார். முடித்துவிட்டு மறுபடியும் கும்பிட்டார்.

சௌந்தரபாண்டி கெட்டவர் இல்லை, முறை தெரிந்தவர், அவ்வளவுதான். என்ன சொன்னார் என்றே விளங்காமல் நான் எதை ஏற்றுக்கொண்டு தட்டை வாங்குவது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சிந்துஜா தலை கவிழ்ந்தது. அண்ணாச்சி அப்படியே நின்றார், கை மட்டும் கும்பிட்டபடி இருந்தது, அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மதினிக்கு அந்த நேரம் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றுவதுண்டு. வாயைத் திறந்தால் மகளுக்கு நல்லது நடக்கும், ஆனால் மதியச் சாப்பாட்டுப் பேச்சு அன்றோடு நின்றுபோகலாம். அவர் எழுந்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டு அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார், சபையைப் பார்த்துச் சொன்னார்.

"எம் மகள நல்ல மனசோட உங்க வீட்டுக்குத் தாரேன்னு சொல்றாரு. அவ கோவம் பொட்டுன்னு வரும், பட்டுன்னு போயிரும், பொறுத்துக்கிடுங்கன்னு சொல்றாரு."

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். மதினி அவர் பக்கம் திரும்பாமல் மாப்பிள்ளையைப் பார்த்து மேலே சொன்னார்.

"அப்புறம், மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. அவ எதுல எழுதுறாளோ, எப்படி எழுதுறாளோ, அதுல கை வைக்காதிய தம்பி. நான் வச்சேன். பேச ஆளில்லாமப் போயிட்டேன். அப்படின்னு சொல்றாரு."

சரண் எழுந்து வந்து, மடியில் விழுந்த கட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டே, சரிங்க மாமா என்றான். சௌந்தரபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டை எடுங்கப்பா என்றார். தட்டு மாறியது, நாதஸ்வரம் எழுந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணாச்சி மதினியிடம் சின்னதாக இரண்டு மூன்று கட்டம் உதிர்த்தார். எப்போதிருந்து என்று கேட்டிருக்கிறார்.

"முத நாளு காபியிலேர்ந்து," என்றார் மதினி. "எம் மெஷின வாங்குனதும் முதல்ல ஏத்துனதே உங்க செண்பகத்ததான்."

பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் கேட்டோம். அண்ணாச்சிக்கு அந்த மதியங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்துபோயிற்று. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் கட்டம் விழுந்தது.

"சொல்லியிருந்தா நீங்க பேசுறத நிறுத்தியிருப்பிய."

அண்ணாச்சி மறுபடி பேச ஆரம்பித்தார். மதினியைப் பார்த்தபடி, மெதுவாக, நிறுத்தாமல் பேசினார், கட்டங்கள் அவர்கள் இரண்டு பேர் காலடியிலும் குவிந்துகொண்டே போயின, மாரியம்மன் கோயிலில் பூ கொட்டுகிற மாதிரி கொட்டின. மதினி கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தைத் துவைத்துக் காயப்போட்ட துணி என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்து, சம்பந்தி இவ்வளவு நேரமா என்ன சொல்றாரு என்று ஆசையாகக் கேட்டார்.

"எல்லாரும் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுறாரு," என்றார் மதினி.

இருக்கும் இருக்கும் என்று எல்லாரும் பந்திக்குப் போனோம், பால் பாயசம் நன்றாக இருந்தது. பத்திரிகை பிறகு ஒரு பக்கம் செண்பகத்திலும் மறுபக்கம் புது முறையிலும் அச்சானது, மதினியின் கம்ப்யூட்டர் தெருவைத் தாண்டித் திரும்பி வந்தது, அண்ணாச்சியின் வாயிலிருந்து இன்றும் கட்டம்தான் வருகிறது, அதனால் ஊருக்கு ஒரு குறையுமில்லை. அன்று ஹாலைப் பெருக்க ஆள் வருவதற்கு முன்னால் மதினி காலடியில் கிடந்த கட்டங்களை ஒன்றுவிடாமல் முந்தானையில் அள்ளிக்கொண்டார். காலண்டருக்காகும் மதினி, தாங்க என்று காஜா மைதீன் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், மதினி கொடுக்கவில்லை.